ஆவடியிலிருந்து பூந்தமல்லிக்குச் சுற்றுவழி: ஒரு சோலைக்கிளியும் நான் பழி போட்ட ஸ்பீக்கரும்

இந்தப் பயணத்துக்குக் காரணம் ஒரு பின்னூட்டம். என் பழைய வால்பாறைப் பதிவின் கீழே ஒரு வாசகர் இந்த ஜனவரி முதல் வாரத்தில் கேட்டிருந்தார்: "சார், அடுத்த மாதம் குடும்பத்தோடு வால்பாறை போகிறோம். உங்கள் நண்பர் செய்து கொடுத்த ஸ்பீக்கர் மாதிரி கோளாறு இல்லாமல், பறவைக் குரலைப் போட்டுக் கேட்க வைக்க நல்ல ஸ்பீக்கர் எது?" பாவம், மரியாதையாகத்தான் கேட்டிருக்கிறார்.

அந்த ஸ்பீக்கரில் எந்தக் கோளாறும் இல்லை. கோளாறு என்று நான் எழுதியது பொய். நான்கு வருடமாக அந்தப் பொய் என் தளத்தில் எல்லோரும் படிக்கும்படி கிடக்கிறது. ஸ்பீக்கரைச் செய்தவர் பூந்தமல்லி ரஷீத் பாய். அந்தப் பதிவு வந்த வாரத்திலிருந்து அவர் எனக்கு ஃபோன் செய்யவில்லை, நானும் செய்யவில்லை. நான் எழுதியது பொய் என்று அவருக்கு எப்படியோ தெரிந்துவிட்டது, கோபமாக இருக்கிறார் என்று நானாக நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்துக்கொள்வது எனக்கு வசதியாகவும் இருந்தது. நேரில் போய் உண்மையைச் சொல்லிவிடுவது என்று பொங்கல் விடுமுறையில் முடிவு செய்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கிளம்பினேன்.

ஆவடியில் நாங்கள் இருக்கும் குவார்ட்டர்ஸிலிருந்து பூந்தமல்லிக்கு நேர் வழியில் ஒன்பது கிலோமீட்டர்தான். பஸ் ஏறினால் நாற்பது நிமிடம். நான் போனது இருபத்து மூன்று கிலோமீட்டர், ஐந்து மணி நேரத்துக்கும் மேல். ரயில், ஆட்டோ, நடை, பஸ் என்று ஒரு பெரிய சுற்று. வழியில் பறவை பார்க்கலாம் என்று வீட்டில் சொன்னேன். உண்மையில் பயம். பயந்தவனுக்குத் தோளில் ஒரு பைனாகுலர் இருந்தால் போதும், ஊரே அவனைப் பொறுமைசாலி என்று நினைத்துக்கொள்ளும்.

காலை 5.55-க்கு வீட்டை விட்டு இறங்கினேன். 6.20-க்கு ஆவடியில் மின்சார ரயில், டிக்கெட் ஐந்து ரூபாய். ஞாயிறு என்பதால் உட்கார இடம் இருந்தது. 6.35-க்கு அம்பத்தூர். ஸ்டேஷன் வாசலில் ஒரு டீ, பதினைந்து ரூபாய், டீத்தூளின் நினைவு மட்டும்தான் அதில் இருந்தது. அங்கிருந்து அயனம்பாக்கம் ஏரி ஐந்து கிலோமீட்டர். ஷேர் ஆட்டோ அந்த நேரத்தில் கிடைக்காது. தனி ஆட்டோ நூற்றெண்பது சொல்லி, நூற்றைம்பதுக்கு வந்தார். கேமராப் பையைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தவர் பாதி வழியில் பேச்சுக் கொடுத்தார்.

"ஏரியாண்ட இன்னா சார் கீது, காலங்காத்தால?"

"பறவை பாக்கப் போறேன்."

"கறிக்கா?"

"இல்லைங்க, சும்மா பாக்கத்தான்."

"சும்மா பாக்கறதுக்கு நூத்தம்பது ரூபா குடுத்து வர்ற ஆளு நீதான் சார். எங்க ஊட்டாண்ட வா, காக்கா இலவசமாவே காட்றேன்."

நல்ல மனிதர். எனக்குத்தான் சிரிக்கத் தோன்றவில்லை.

7.10-க்கு ஏரிக்கரை. ஜனவரி என்பதால் தண்ணீர் நிறைய இருந்தது. கரையோரம் வழக்கம்போல் பிளாஸ்டிக், முடிக்கற்றை, மஞ்சள் தடவிய தேங்காய். அதைத் தாண்டிப் பார்க்கப் பழகிக்கொண்டால் ஏரி அழகாகத்தான் இருக்கிறது. கூழைக்கடா பதினொன்று, நாமக்கோழி எண்ண முடியாத அளவு, புள்ளிமூக்கு வாத்து ஆறு, முக்குளிப்பான், சின்ன நீர்க்காகம், கம்பியில் வரிசையாகத் தகைவிலான்கள். ஒன்பதேகால் வரை கரையிலேயே நின்றேன். பட்டியல் முப்பத்தொரு இனத்துக்கு வந்தது. வேறொரு நாளாக இருந்தால் பெருமையாகப் படம் போட்டிருப்பேன்.

இந்தப் பறவைகளைப் பார்க்கும்போது எனக்கு எப்போதும் ஓர் எண்ணம் வரும். இவற்றுக்கு எல்லை என்று ஒன்று கிடையாது. இந்த ஏரி வற்றினால் அடுத்த ஏரி, அதுவும் வற்றினால் ஆந்திரா. தகைவிலான் இமயமலையைத் தாண்டி வந்திருக்கும். இத்தனை சுதந்திரமாகப் பறப்பதால்தான் இங்கே நீங்கள் பார்க்கும் கூழைக்கடாவுக்கும் நெல்லைப் பக்கம் பார்க்கும் கூழைக்கடாவுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. கலந்துகொண்டே இருக்கின்றன. கலந்துகொண்டே இருந்தால் புதிய இனம் எதுவும் பிரியாது.

மழைக்காட்டுப் பறவைகளின் கதை நேர் எதிர். நான் ரஷீத் பாயோடு அலைந்ததெல்லாம் அந்தக் கதைக்காகத்தான். மேற்குத் தொடர்ச்சி மலையின் உச்சிச் சோலைகளில் ஒரு பறவை இருக்கிறது. சோலைக்கிளி என்று சொல்வார்கள், ஆனால் கிளி இல்லை. சிட்டுக்குருவியைவிடக் கொஞ்சம் பெரிது, நீலமும் சாம்பலும் கலந்த நிறம், நீண்ட கால்கள். சோலையின் அடியில், இருட்டில், உதிர்ந்த இலைகளுக்கு நடுவே தத்தித் தத்திப் பூச்சி பொறுக்கும். வெயிலுக்கு வராது. பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே, நீலகிரியில் இருப்பதற்கு விலாப்பக்கம் செம்பழுப்பு. தெற்கே, ஆனைமலை பழநிப் பக்கம் இருப்பதற்கு வயிறு வெள்ளை. இன்று இரண்டையும் தனித்தனி இனம் என்கிறார்கள்.

நடுவில் இருப்பது ஒரு கணவாய், அவ்வளவுதான். குறுகிய இடத்தில் இருபத்தைந்து, முப்பது கிலோமீட்டர் அகலம். காரில் போனால் ஒரு பாட்டுக் கேஸட் முடிவதற்குள் தாண்டிவிடலாம். ஆனால் அது தாழ்ந்த, சூடான, வறண்ட சமவெளி. மலையுச்சிக் குளிரில் வாழும் பறவைக்கு அது கடல் மாதிரி. உலகம் குளிர்ந்திருந்த காலங்களில் சோலை கொஞ்சம் கீழே இறங்கியிருக்கும், வெப்பம் கூடிய காலங்களில் மறுபடி உச்சிக்கு ஏறியிருக்கும். அப்படி ஏறும்போதெல்லாம் பறவைகளும் அங்கங்கே உச்சிகளில் தனித்துப் போயின. இந்த உச்சியில் பிறந்தது அந்த உச்சிக்குப் போகவில்லை. லட்சக்கணக்கான வருடம் அப்படியே கழிந்ததில் நிறம் மாறியது, பாட்டும் மாறியது.

நிறம் மாறியதைப் படத்தில் பார்க்கலாம். பாட்டு மாறியதைப் பறவையிடமே கேட்டால்தான் தெரியும். அதற்கு ஒரு முறை உண்டு. வடக்குப் பறவையின் பாட்டைப் பதிவு செய்து கொண்டுபோய்த் தெற்குப் பறவை இருக்கும் இடத்தில் ஸ்பீக்கரில் போட வேண்டும். தன் எல்லைக்குள் போட்டிக்கு வேறொருவன் வந்துவிட்டான் என்று நினைத்தால் அது பாய்ந்து வந்து பதிலுக்குப் பாடும். கண்டுகொள்ளாமல் இருந்தால், அந்தக் குரலை அது தன் இனமாக மதிக்கவில்லை என்று ஓரளவுக்குச் சொல்லலாம். கடைசியில் கட்டாயம் அதன் சொந்தப் பாட்டையும் ஒரு தடவை போட்டுப் பார்க்க வேண்டும். அதற்குப் பதில் வந்தால்தான் சோதனை செல்லும். அதற்கும் பதில் இல்லை என்றால் வேறு எதுவோ தப்பு.

நான் ஆவடியில் ஒரு தொழிற்சாலையில் மெஷினிஸ்ட். ரஷீத் பாய் அப்போது பூந்தமல்லியில் ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர் சர்வீஸ் கடை வைத்திருந்தார். ஒரு கல்யாண மண்டபத்தில் மைக் செட் கீச்சென்று கத்தியபோது, எந்த ஒயரில் தப்பு என்று வாசலில் நின்றபடியே காதால் சொன்னார். அப்படித்தான் பழக்கம். பழைய டிஷ் ஆன்டெனாவின் நடுவில் மைக் பொருத்தி, நூறடி தள்ளிப் பாடும் குருவியைப் பக்கத்தில் பாடுவதுபோல் பதிவு செய்து காட்டினார். பறவை பெயர் ஒன்றுகூட அவருக்குத் தெரியாது. "இது அஞ்சு சுரம், அது ஏழு சுரம்" என்றுதான் அடையாளம் சொல்வார். நான் படித்ததை அவருக்குச் சொல்வேன், அவர் கேட்டதை எனக்குச் சொல்வார். எனக்கு இத்தனை வருடத்தில் கிடைத்த ஒரே நல்ல பயணத் துணை அவர்தான்.

நான்கு வருடத்துக்கு முன் ஏப்ரலில் நீலகிரிப் பாட்டை எடுத்துக்கொண்டு வால்பாறை போனோம். அதற்கென்றே ஆறு வாரம் உட்கார்ந்து மரப்பெட்டியில் ஒரு ஸ்பீக்கர் செய்திருந்தார். எஸ்டேட் ஓரத்துச் சோலை, காலை ஆறரை மணி. டீ வாங்கி வருகிறேன், அதற்குள் எல்லாம் தயார் செய் என்று சொல்லிவிட்டுப் பாய் ஒன்றரை கிலோமீட்டர் தள்ளியிருந்த கடைக்குப் போனார். அந்த நேரத்தில் நான் செய்த காரியத்தைப் பறவைப் படம் எடுக்கும் பைத்தியங்கள் மட்டுமே செய்வார்கள். எனக்கு ஒரு நல்ல படம் வேண்டியிருந்தது. தெற்குப் பறவையின் சொந்தப் பாட்டையே ஸ்பீக்கரில் போட்டு அதை வெளியே இழுத்தேன். வந்தது. வெளிச்சம் போதவில்லை. மறுபடி போட்டேன். மறுபடி வந்தது. நாற்பது நிமிடம். கூடு கட்டும் காலம் வேறு. இல்லாத எதிரியைத் தேடி அது கிளைக்குக் கிளை தாவி, பாடிப் பாடி, கடைசியில் ஓய்ந்து புதருக்குள் போய்விட்டது. படம் பிரமாதமாக வந்தது. அதைத்தான் இந்தத் தளத்தின் முகப்பில் நீங்கள் இத்தனை நாளும் பார்த்தீர்கள்.

பாய் டீயோடு வந்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. சோதனையைத் தொடங்கினோம். வடக்குப் பாட்டைப் போட்டோம், பதில் இல்லை. எனக்கு ஒரே குஷி. முறைப்படி கடைசியில் அதன் சொந்தப் பாட்டைப் போட்டோம், அதற்கும் பதில் இல்லை. பாய் முகம் சுருங்கிவிட்டது. "இன்னாப்பா, அது பாட்டுக்கே அது வரல?" என்றார். காரணம் எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது.

ஊருக்கு வந்து, ஒரே ஒரு பறவையை வைத்துக்கொண்டு, "தெற்குச் சோலைக்கிளி வடக்கின் பாட்டை நிராகரித்தது" என்று தலைப்புப் போட்டுப் பதிவு எழுதினேன். நிறையப் பேர் படித்தார்கள். ஆராய்ச்சி மாணவி ஒருவர் மின்னஞ்சலில் கேட்டார்: கடைசியில் சொந்தப் பாட்டுக்குப் பதில் வந்ததா? அந்தக் கேள்வியில் மாட்டிக்கொண்டேன். வரவில்லை என்று சொன்னால் ஏன் என்று சொல்ல வேண்டும். இரண்டே காரணம்தான் இருக்க முடியும். ஒன்று, பறவை களைத்துப்போயிருக்க வேண்டும், அப்படியென்றால் களைக்க வைத்தவன் நான். இல்லை, ஸ்பீக்கர் சரியில்லை. நான் பதிவின் அடியில் ஒரு வரி சேர்த்தேன்: "நண்பர் வீட்டில் செய்த ஸ்பீக்கர் என்பதால் மேல் சுரங்கள் சரியாக ஒலிக்கவில்லை என்று பிறகு தெரியவந்தது." எழுத இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

இதையெல்லாம் நினைத்துக்கொண்டே 9.15-க்கு ஏரியிலிருந்து வானகரத்துக்கு நடந்தேன். நான்கு கிலோமீட்டர், ஐம்பத்தைந்து நிமிடம். நடைபாதை என்று எதுவும் இல்லை, டிப்பர் லாரிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கித்தான் போக வேண்டும். வழியில் கூவத்தின் மேல் பாலம் வரும். அங்கே ஐந்து நிமிடம் நின்றேன். கறுப்புத் தண்ணீர், ஆகாயத்தாமரை, ஓரத்தில் இரண்டு மடையான், ஒரு வெண்தொண்டை மீன்கொத்தி. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மீன்கொத்தி இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் மூன்று தடவை போய் வந்துவிட்டது. கூவம் எந்தப் பறவையையும் பிரித்ததில்லை.

அமேசான் காட்டுக்கு நான் போனதில்லை, போகப் போவதும் இல்லை, படித்ததைத்தான் சொல்கிறேன். அங்கே கணவாய் செய்யும் வேலையைப் பல இடங்களில் ஆறு செய்கிறது. காட்டின் அடித்தட்டில் இருட்டில் வாழும் சிறு பறவைகள் அகலமான ஆற்றைத் தாண்டுவதில்லை. இந்தக் கரையில் ஓர் இனம், அந்தக் கரையில் அதன் தங்கை இனம். ஆறு ஒடுங்கி ஓடும் மேல்பகுதியில் மட்டும் இரண்டும் கலக்கும். சில சமயம் ஆறே தடம் மாறி, இந்தக் கரைக் காட்டில் ஒரு துண்டைப் பறவைகளோடு அந்தக் கரையில் விட்டுவிடும். ஆறுதான் பிரித்ததா, இல்லை வறண்ட காலத்தில் காடு சுருங்கித் துண்டானபோது பிரிந்தவற்றை ஆறு சேரவிடாமல் மட்டும் வைத்திருக்கிறதா என்று இன்னும் சண்டை போடுகிறார்கள். இடத்துக்கு இடம், பறவைக்குப் பறவை பதில் மாறும் என்றுதான் எனக்குப் புரிந்தது.

எனக்கு இதில் ஒன்று மட்டும் உறுத்திக்கொண்டே இருக்கும். அந்தப் பறவைகளுக்கு இறக்கை இருக்கிறது. தாண்டவே முடியாது என்று இல்லை. திறந்த வெளியும் வெளிச்சமும் பிடிக்கவில்லை, அதனால் தாண்டுவதில்லை. ஒன்பது கிலோமீட்டரை நான்கு வருடம் தாண்டாத நான் அவற்றைப் பற்றிப் பெரிதாக ஒன்றும் சொல்வதற்கில்லை.

10.10-க்கு வானகரம். பைபாஸ் பாலத்தின் அடியில் பதினைந்து நிமிடம் காத்திருந்ததில் பஸ் வந்தது. பூந்தமல்லிக்கு ஒன்பது ரூபாய். வேலப்பன்சாவடி தாண்டிக் கொஞ்ச நேரம் ஊர்ந்தது. பூந்தமல்லிக்குள் நுழையும்போது மெட்ரோ தூண்கள் தெரிய ஆரம்பித்தன. நான் கடைசியாக வந்தபோது அந்த இடத்தில் தகரத் தடுப்பும் பள்ளமும்தான் இருந்தன. 10.55-க்கு பஸ் நிலையம். அங்கிருந்து கடைக்கு நடந்தால் ஐந்து நிமிடம், எனக்குப் பத்து நிமிடம் ஆனது.

கடையைத் தாண்டிப் போய்விட்டுத் திரும்பி வந்தேன். போர்டு மாறியிருந்தது. 'ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர், மைக் செட் சர்வீஸ்' இல்லை. 'மோட்டார் காயில் கட்டப்படும். மிக்ஸி, கிரைண்டர், டேபிள் ஃபேன் ரிப்பேர்.' உள்ளே ரஷீத் பாய் தாமிரக் கம்பியைச் சுற்றிக்கொண்டிருந்தார். தாடி முழுக்க வெளுத்திருந்தது. பக்கத்து லேத் பட்டறையின் சத்தம் கடைக்குள்ளேயே ஓடுவதுபோல் இருந்தது.

"வா நைனா," என்றார் தலை நிமிர்ந்து. "வழி தெரிஞ்சுதா?"

கோபம் எதுவும் தெரியவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டார், டீ சொன்னார். நான் தயாரித்து வந்த வாக்கியங்கள் எல்லாம் கோபமான ஆளிடம் சொல்வதற்கானவை. அவற்றை விட்டுவிட்டு, போர்டு மாறிவிட்டதே என்று கேட்டேன்.

"மூணு வருசத்துக்கு மேல ஆவுது. ஸ்பீக்கரு, ஆம்ப்ளி எல்லாம் உட்டுட்டேன். இதுல காது வோணாம் பாரு. கண்ணும் கையும் இருந்தாப் போதும்."

"காதுக்கு என்ன பாய்?"

அவர் கம்பியைச் சுற்றுவதை நிறுத்தவில்லை. "நீதானே எழுதினே. மேல் சுரம் வரல, ஸ்பீக்கரு கோளாறுன்னு. படிச்சுட்டு அந்தப் பொட்டியப் பிரிச்சுப் போட்டுப் பாத்தேன். ஒயரு, ட்வீட்டரு, எல்லாம் சுத்தமா கீது. போட்டுக் கேட்டா எனக்கு மேல் சுரம் நல்லாவே கேக்குது. அப்ப இன்னா அர்த்தம்? வராத சுரத்த வர்ற மாரி நெனச்சுகினு கீறேன். கோளாறு பொட்டில மட்டும் இல்ல, என் காதுலயும் கீது. அந்தக் குருவியே அது பாட்டுக்கு வரலியே, நானும் கூடத்தானே நின்னேன்."

அவர் சாதாரணமாகச் சொல்லிக்கொண்டே போனார்.

"காது டாக்டராண்ட போனேன். வயசுக்கு ஓகேன்னாரு. வயசுக்குன்னா இன்னா? போச்சுன்னுதானே? காது போனவன் ஜனங்க ஆம்ப்ளியத் தொடக் கூடாதுப்பா, அது ஏமாத்து வேல. அந்த டிஷ்ஷு, மைக்கு, பொட்டி எல்லாம் எடைக்குப் போட்டேன். உன் மூஞ்சில எப்டி முழிக்கறதுன்னுதான் ஃபோன் பண்ணல. ஆறு வாரம் செஞ்ச பொருளு, உன் வேலயக் கெடுத்துடுச்சேன்னு."

நான்கு வருடம் அவர் வெட்கப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறார். என்னிடம்.

சொன்னேன். டீ வாங்க அவர் போனது, நான் படத்துக்காகச் சொந்தப் பாட்டைப் போட்டது, நாற்பது நிமிடம், களைத்துப்போன பறவை, மாணவியின் கேள்வி, அந்த ஒரு வரி, எல்லாம். சொல்லும்போது என் குரலே எனக்கு அசிங்கமாக இருந்தது. டீ வந்தது, இருவருமே தொடவில்லை.

"நான் டீ வாங்கப் போனப்பவா?"

"ஆமா பாய்."

"நான் வந்து நின்னப்போ உனக்குத் தெரியும்."

"தெரியும்."

கம்பியை மெதுவாக அறுத்து வைத்தார். "அப்ப என் காது அன்னிக்கு நல்லாத்தான் இருந்துச்சா?"

"நல்லாத்தான் இருந்துச்சு பாய்."

அந்தப் பாட்டு உன் ஃபோனில் இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது. பக்கத்துப் பட்டறையைப் பார்த்து, "தாஸு, ரெண்டு நிமிசம் ஆஃப் பண்ணு!" என்று கத்தினார். லேத் நின்றது. பாட்டைப் போட்டேன். கண்ணை மூடிக்கொண்டு, காட்டில் செய்வதுபோலவே, ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு விரலை அசைத்தார். கீழ்ச் சுரங்கள் வந்தன, விரல் அசைந்தது. மேலே போகும் மெல்லிய இரண்டு சுரங்கள் வந்தன. விரல் அசையவில்லை.

"இன்னொரு தபா போடு."

போட்டேன். மூன்று தடவை போட்டேன். மூன்று தடவையும் அந்த இரண்டு சுரத்தில் விரல் நின்றுவிட்டது. கண்ணைத் திறந்தார்.

"மேல ரெண்டு வர்ல. உனக்குக் கேட்டுச்சா?"

ஃபோன் ஸ்பீக்கர் சுமார்தான் பாய் என்று சொல்லிவிடலாம். நாக்கு நுனி வரை வந்துவிட்டது. மறுபடியும் ஒரு கருவியின் மேல் பழியைப் போட்டுவிட்டுத் தப்பித்துவிடலாம். அவரும் நம்பியிருப்பார்.

"கேட்டுச்சு பாய்," என்றேன்.

தலையை ஆட்டினார். "நடுவுல எத்தினி வருசம் கேட்டுகினு இருந்துச்சோ. நான்தான் கேக்காமயே உட்டுட்டேன்."

மன்னித்துவிடுங்கள் என்று சொன்னேன். அவர் அடுத்த மோட்டாரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "கெளம்பு செல்வம். ரெண்டு மணிக்கு இத குடுக்கணும். பிளாக்குல எழுதறதுன்னா எழுதிக்க. நான் மன்னிச்சுட்டேன்னு மட்டும் எழுதாத." லேத் மறுபடி ஓட ஆரம்பித்தது.

பூந்தமல்லியிலிருந்து ஆவடிக்கு நேர் பஸ், பதிமூன்று ரூபாய், சென்னீர்குப்பம், பருத்திப்பட்டு வழி. 12.10-க்கு ஏறி 12.50-க்கு வீட்டுக்குப் பக்கத்தில் இறங்கிவிட்டேன். ஒரு பாட்டு இரண்டாகப் பிரிய மலையும் வெயிலும் குளிரும் லட்சக்கணக்கான வருடம் எடுத்துக்கொண்டிருக்கின்றன. எங்கள் இருவரையும் பிரிக்க எனக்கு ஒரு வரி போதுமாக இருந்திருக்கிறது.

இந்த வழியில் போக நினைப்பவர்களுக்குச் சில தகவல்கள். அயனம்பாக்கம் ஏரிக்கு நவம்பரிலிருந்து பிப்ரவரிக்குள், ஏழரை மணிக்கு முன் போய்விடுங்கள், அப்புறம் வெயில் முகத்தில் அடிக்கும். தண்ணீரும் தின்பண்டமும் கையில் இருக்கட்டும், கழிப்பறை எதிர்பார்க்காதீர்கள். ஏரியிலிருந்து வானகரத்துக்கு நடக்காமல் ஆட்டோவில் போவது நல்லது, அந்தச் சாலை நடப்பவர்களுக்கானது அல்ல. மொத்தச் செலவு, திரும்பி வரும் பஸ் சேர்த்து, நூற்றுத் தொண்ணூற்றிரண்டு ரூபாய்.

வால்பாறை போகும் வாசகருக்கு: எந்த ஸ்பீக்கரும் வாங்க வேண்டாம். சோலை ஓரத்தில் சத்தம் போடாமல் ஒரு மணி நேரம் உட்காருங்கள், பாடத் தோன்றினால் அதுவே பாடும். பாடாவிட்டால் வந்துவிடுங்கள். உங்களோடு காது நன்றாகக் கேட்கும் யாராவது வந்திருந்தால், என்ன கேட்கிறது என்று அவர்களைக் கேளுங்கள், கேட்பதை நம்புங்கள்.

முகப்பில் இருந்த படத்தை எடுத்துவிட்டேன். பழைய பதிவை அழிக்கவில்லை, அழித்தால் நான் செய்ததும் சேர்ந்து அழிந்துவிடும். அந்த வரியின் குறுக்கே கோடு போட்டு, அதன் கீழே இதைச் சேர்த்திருக்கிறேன்: ஸ்பீக்கரில் கோளாறு இல்லை. பறவையைக் களைக்க வைத்தது நான். ஸ்பீக்கரைச் செய்தவரின் காது அன்று நன்றாகக் கேட்டது.